கேம் சாட்டில் வந்த ‘அண்ணா’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பெரியவர்கள் இன்றும் ‘வட ஆற்காடு’ என்று சொல்லும் பகுதி முழுவதிலிருந்தும், ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இணையத்தில் பிள்ளைகளிடம் நைச்சியமாகப் பழகி, வசப்படுத்தி, பிறகு மிரட்டுகிறவர்களைப் பற்றியவை அவை. சட்டமும் சைபர் பாதுகாப்பும் அறிந்த எங்கள் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய பெயர், பள்ளி, தெரு ஆகியவற்றை நீக்கியிருக்கிறோம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு எங்களுக்கும் பொருந்தும்.

என் மகனுக்கு 12 வயது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறான். அதில் ஒரு ‘அண்ணா’ தினமும் சேர்ந்து விளையாடுகிறாராம். டைமண்டும் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது ‘டெலிகிராமுக்கு வா’ என்கிறாராம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார், ஃபோன் அவர் பெயரில். நான் பயப்பட வேண்டுமா?
– ஒரு தாய், குடியாத்தம்

டைமண்ட் கொடுத்தபோதே கவனித்திருக்க வேண்டும். ‘டெலிகிராமுக்கு வா’ என்றதும் நிறுத்திவிட வேண்டும்.

கேமுக்குள் பேசுவதை அந்த நிறுவனம் ஓரளவாவது கண்காணிக்க முடியும். புகார் பொத்தான் இருக்கும், கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அதனால்தான் பிள்ளையை அங்கிருந்து தனிப்பேச்சுக்கு நகர்த்துவது இந்த ஆட்களின் முதல் வேலையாக இருக்கிறது. டெலிகிராம் அவர்களுக்கு வசதி. ஃபோன் எண்ணைக் காட்டாமல் பேசலாம், ஒருவர் அழித்தால் இரண்டு ஃபோனிலிருந்தும் செய்தி போய்விடும். ஸ்னாப்சாட்டில் பார்த்த படம் தானே மறைகிறது. இன்ஸ்டாகிராமிலும் மறையும் செய்தி வசதி உண்டு.

வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில் பாராட்டு: ‘செமயா ஆடுற தம்பி.’ அடுத்து பரிசு: டைமண்ட், யு.சி., ரோபக்ஸ் போன்ற கேம் காசு, ரெடீம் கோட். பிறகு நோட்டம்: ‘வீட்ல யார் இருக்காங்க? உன் ஃபோனை யாராச்சும் பாப்பாங்களா?’ அதற்கடுத்து ரகசியம்: ‘இது நமக்குள்ளயே இருக்கட்டும்.’ பிள்ளை ஒரு சின்ன ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டால் சோதனையில் தேறிவிட்டதாக அர்த்தம். படம் கேட்பது அதற்குப் பிறகுதான். சில வாரம் எடுக்கலாம், ஒரே இரவிலும் நடக்கலாம்.

டெலிகிராமுக்குக் கூப்பிடுகிற எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டோம். எதிரில் இருப்பது 13 வயதுப் பையனாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் மகனுக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நேரில் தெரியாத ஆள் என்றால் கேமுக்குள்ளேயே பேச்சு முடியட்டும்.

இன்றிரவு ஃபோனைப் பிடுங்காதீர்கள். ‘சொன்னால் அம்மா ஃபோனைப் பிடுங்கிடுவாங்க’ என்று அந்த ஆள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பான். நீங்கள் அப்படியே செய்தால், அவன் சொன்னதுதான் உண்மை என்று பிள்ளை நம்பிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எந்த ஊர் என்று சொன்னார்? உன் ஸ்கூல் எது என்று கேட்டாரா? படம் அல்லது வீடியோ கால் கேட்டாரா? கேட்டிருந்தால், ‘அனுப்பிட்டியா?’ என்று உடனே பாயாமல், ‘அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். இந்த வரிசை மாறினால் பதில் வராது.

அடுத்து, கூகுள் கணக்கு. நிறைய வீடுகளில் கோளாறு இங்கேதான். சிம் அப்பா பெயரில், ஜிமெயிலும் அப்பா பெயரில். நிறுவனத்தின் கணக்கில் 40 வயது ஆள்தான் கேம் ஆடுகிறார், ஆகவே சிறுவர்களுக்கான பூட்டு எதுவும் விழாது. மகனின் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு தொடங்கி, கூகுள் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் உங்கள் கணக்கோடு இணையுங்கள். புதுச் செயலி இறக்கவும் பணம் கட்டவும் உங்கள் அனுமதி கேட்கும்படி அதிலேயே வைக்கலாம். கேமின் செட்டிங்ஸில் குரல் பேச்சை அணைத்துவிடுங்கள், அல்லது தெரிந்த நண்பர்களோடு மட்டும் என்று மாற்றுங்கள். 12 வயதில் டெலிகிராம் தேவையே இல்லை.

எனக்கு 16 வயது. இன்ஸ்டாவில் பழகிய ஒரு பொண்ணு வீடியோ கால் செய்தாள். அதை ரெக்கார்ட் செய்துவிட்டு, பணம் தராவிட்டால் என் ஃபாலோயர்ஸ் எல்லோருக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். 3,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். இன்னும் கேட்கிறார்கள். வீட்டில் தெரிந்தால் அவ்வளவுதான்.
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை மாவட்டம்

தம்பி, நீ எந்தக் குற்றமும் செய்யவில்லை. 18 வயது நிறையாத யாராக இருந்தாலும், பையனாக இருந்தாலும், போக்சோ சட்டம் உன் பக்கம். படத்தை வைத்துச் சிறாரை மிரட்டுவது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வருகிறது. உண்மைப் படமாக இருந்தாலும் ஒட்டுவேலை செய்த படமாக இருந்தாலும் ஒன்றுதான். 12-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பணம் பறிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் தனிக் குற்றம். எதிரில் பேசியது பெண்ணாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதிவு செய்து வைத்த வீடியோவை ஓட்டிக் காட்டும் கும்பல்கள் இருக்கின்றன.

இன்னும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. ஒருமுறை கொடுத்தவன் மறுமுறையும் கொடுப்பான் என்பதுதான் அவர்கள் கணக்கு. பணம் வாங்கிக்கொண்டு வீடியோவை அழித்தார்களா என்று நீ சரிபார்க்கவும் வழியில்லை.

முதல் வேலை, உன் ஃபோனின் டேட்டாவையும் வைஃபையையும் அணை. அவர்கள் அங்கிருந்து செய்திகளை அழிக்க முயன்றாலும் உன் ஃபோனில் இருப்பது அதுவரை அப்படியே நிற்கும். பிறகு இன்னொரு ஃபோனால் திரையைப் படமெடு. மிரட்டல் செய்திகள், தேதி, நேரம், அந்தக் கணக்கின் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். உடல் தெரியும் படத்தை மட்டும் நகலெடுக்காதே, யாருக்கும் அனுப்பாதே. அதைப் பார்க்க வேண்டியவர்கள் உன் ஃபோனிலேயே பார்த்துக்கொள்வார்கள். டேட்டாவை மறுபடி போட்டதும் அந்தக் கணக்கின் முழு முகவரி லிங்க்கை எடுத்து வை. யூசர்நேமை அவர்கள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள் என்பதால் பெயரை மட்டும் குறித்தால் போதாது. பேசிய எண், பணம் போன யு.பி.ஐ. முகவரி, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யு.டி.ஆர். எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுது.

பணம் போனதற்கு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால் அந்தப் பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அடுத்த நாள் அழைத்தால் வாய்ப்பு குறைகிறது. அழைப்பதோடு விடாமல் சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

வீடியோவுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படமோ வீடியோவோ உன்னிடம் இருந்தால், அதிலிருந்து ‘ஹேஷ்’ எனப்படும் எண்வரிசை உன் ஃபோனிலேயே உருவாகும். அந்த எண்வரிசை மட்டும்தான் மையத்துக்குப் போகும், படம் உன்னை விட்டுப் போகாது. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கின்றன. பெயர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தில் சேராத தளத்தில் பரவினால் இது எட்டாது. படத்தை வெட்டி மாற்றினாலும் பொருந்தாமல் போகலாம். இதைச் செய்துவிட்டுப் புகாரை விட்டுவிடாதே.

இதெல்லாம் முடிந்த பிறகு அந்தக் கணக்கைத் தளத்துக்குள்ளேயே ரிப்போர்ட் செய்து, பிறகு பிளாக் செய். பலர் பயத்தில் முதலில் பிளாக் செய்து, சாட்டை அழித்து, தன் கணக்கையே மூடிவிடுகிறார்கள். விசாரணைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வீட்டில் சொல்வதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, புரிகிறது. ‘என்னை ஒருத்தன் ஏமாத்தி மிரட்டுறான், போலீஸுக்குப் போகணும், கூட வாங்க’: இந்த ஒரு வரி போதும். அப்பாவிடம் முடியாவிட்டால் அக்கா, சித்தப்பா, ஒரு ஆசிரியர் என்று யாராவது ஒரு பெரியவர். யாருமே இல்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அந்த நிமிடமே 14416-க்கு அழை. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

எங்கள் பள்ளியில் 8-ஆம் வகுப்பு மாணவியின் ஃபோனில் ஒரு ஆள் அனுப்பிய ஆபாசச் செய்திகளை வகுப்பாசிரியை பார்த்துவிட்டார். பெற்றோர் புகார் வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– தலைமையாசிரியர், அணைக்கட்டு வட்டம்

பெற்றோர் வேண்டாம் என்றாலும் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், ஐயா. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. குற்றம் செய்தவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவராக இருந்து நீங்கள் மறைத்தால் அது 1 ஆண்டாகிறது. நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள் மீதோ ஆசிரியை மீதோ வழக்கு வராது என்றும் அதே 19-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

பள்ளிகள் தவறுவது பெரும்பாலும் சொல்லாமல் இருப்பதால் அல்ல, சொல்வதற்கு முன் தாங்களே ‘விசாரணை’ வைப்பதால். முதலில் தலைமையாசிரியர், அடுத்து பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் என்று ஆளாளுக்குக் கேட்டால், நாலாவது முறை சொல்லும்போது பிள்ளை களைத்துப்போய் ஏதோ ஒன்றைச் சுருக்கும் அல்லது கூட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அந்த வித்தியாசத்தைத்தான். ஒரே ஒருவர், பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியை, பிள்ளையாகச் சொல்வதைக் கேட்டு, அதே வார்த்தைகளில் எழுதி வைத்தால் போதும். குறுக்குக் கேள்வி வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட்டை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அடுத்த தவறு. சிறாரின் ஆபாசப் படத்தைப் புகாருக்காகவோ நீதிமன்றச் சாட்சியத்துக்காகவோ அன்றி அனுப்புவது 15-ஆம் பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அனுப்பியவர் ஆசிரியர் என்பதால் விலக்கு இல்லை. வைத்திருப்பதே குற்றமில்லை என்ற பொருளில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பழைய தீர்ப்பைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம்.

புகார்க் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார், எந்த எண் அல்லது கணக்கிலிருந்து வந்தது, ஃபோன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். ‘ஒழுக்கக்கேடான’, ‘வயதுக்கு மீறிய’ போன்ற அடைமொழிகளை விடுங்கள், அவை பிள்ளைக்கு எதிராகத் திரும்பும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் பயம் பெரும்பாலும் ‘பொண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க’ என்பது. 24-ஆம் பிரிவின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. இதைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

ஆம்பூரில் புகார் கொடுக்கப் போனோம். ‘மிரட்டுகிறவன் நம்பர் பெங்களூரு, அங்கே போங்க’ என்றார்கள். இன்னொருவர் ‘வேலூர் சைபர் க்ரைமுக்குப் போங்க’ என்றார். எங்கேதான் போவது?
– ஒரு தந்தை, ஆம்பூர்

எங்கும் அலைய வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பது இதுதான். பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம்.

வேலூர் என்று சொன்னது பழைய நினைப்பில் இருக்கலாம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. உங்கள் சைபர் க்ரைம் காவல் நிலையம் அந்த மாவட்டத்துக்குரியது. அரக்கோணம், ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை. தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளைப் புலனாய்வு செய்ய ஆய்வாளர் நிலை அதிகாரி வேண்டும் என்பதால், ‘இன்ஸ்பெக்டர் வரட்டும்’ என்று காத்திருக்கச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. புகாரை வாங்கவே மறுப்பதற்கு அது காரணமாகாது. போக்சோ புகாரைப் பதிவு செய்யத் தவறும் அதிகாரிக்கும் அதே 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எந்தப் பிரிவில் பதிவு செய்தார்கள் என்று பாருங்கள். போக்சோ 11, 12 மட்டும் போட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறாரைப் பாலியல் நோக்கத்தோடு இணைய உறவுக்குள் இழுப்பதையே அந்தப் பிரிவு குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆள் வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் உள்ள கணினி அல்லது ஃபோன் சம்பந்தப்பட்டிருந்தால் அதே சட்டம் 75-ஆம் பிரிவின்படி பொருந்தும். ஆளைப் பிடித்துக் கொண்டுவருவது வேறு கதை, மாதக்கணக்கில் ஆகும்.

ஆஸ்திரேலியாவில் 16 வயது வரை சோஷியல் மீடியாவே கிடையாதாம். நம் அரசு ஏன் அப்படித் தடை போடக் கூடாது? கம்பெனிகளைக் கேட்க இங்கே சட்டமே இல்லையா?
– கல்லூரி மாணவி, வேலூர்

சட்டம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் புகார் வந்த பிறகு ஓடத் தொடங்கும் சட்டம்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்கள் உள்ள சமூக ஊடகத்துக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரி, காவல்துறை எந்நேரமும் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் அதிகாரி, மாதாந்திர அறிக்கை எல்லாம் வேண்டும். நீக்கிய பதிவையும், கணக்கை மூடியவரின் பதிவு விவரத்தையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். (புகாரைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த 180-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.) சட்டப்படி கேட்டால் 72 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும். இவற்றைச் செய்யாத நிறுவனம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் ‘மற்றவர் போட்ட பதிவுக்கு நான் பொறுப்பில்லை’ என்ற பாதுகாப்பை இழக்கும்.

ஓட்டை எங்கே என்றால், சிறார் பாலியல் சுரண்டல் படங்களைத் தானாகக் கண்டறியும் தொழில்நுட்பத்துக்கு அந்த விதி ‘முயல வேண்டும்’ என்றுதான் சொல்கிறது. அந்தத் தொழில்நுட்பமும் வசப்படுத்தும் பேச்சுக்குப் பாதிதான் உதவும். மைக்ரோசாஃப்டும் டார்ட்மவுத் கல்லூரியும் 2009-இல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ போன்றவை, முன்பே தெரிந்த படம் மறுபடி வந்தால் பிடிக்கும். ‘வீட்ல யார் இருக்காங்க?’ என்ற கேள்வியில் பிடிக்க ஒன்றுமில்லை. அதற்கு நடத்தையைப் பார்க்க வேண்டும். ஒரே பெரியவர் கணக்கு ஒரே வாரத்தில் அறிமுகமில்லாத பல சிறுவர்களுக்கு நட்பு அழைப்பு அனுப்புகிறதா, அவர்களில் பலர் அதை பிளாக் செய்கிறார்களா, பேச்சு தொடங்கியதும் வேறு செயலிக்கு அழைக்கிறதா? அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கக்கூடிய மறைகுறியாக்கம் உள்ள செயலியில் பேச்சின் உள்ளடக்கம் நிறுவனத்துக்கே தெரியாது. ஆனால் யார் யாரைத் தேடிப் போகிறார் என்பது தெரியும்.

ஆகவே தடையைவிட, தளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவதே பலன் தரும் என்பது எங்கள் கருத்து. பிரிட்டனின் 2023 ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியில் போகிறது. சிறுவர் கணக்கை அந்நியருக்கு ‘நண்பராக்கலாமே’ என்று பரிந்துரைக்காமல் இருப்பது, தொடர்பில் இல்லாதவர் நேரடிச் செய்தி அனுப்ப முடியாதபடி வைப்பது போன்றவற்றை அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தன் நெறிமுறைகளில் வைத்திருக்கிறது. மீறினால் 1.8 கோடி பவுண்டு, அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது வரை அபராதம். ஆஸ்திரேலியத் தடை 2025 டிசம்பர் 10-இல் அமலுக்கு வந்தது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப், ஸ்னாப்சாட் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ரோப்லாக்ஸ், டிஸ்கார்ட், வாட்ஸ்அப் பட்டியலுக்கு வெளியே நின்றன. குடியாத்தம் அம்மாவின் கடிதத்தைப் பாருங்கள், அவர் மகனுக்கு ஆள் வந்தது கேம் வழியாக.

இங்கே வயதுத் தடைக்கு இன்னொரு சிக்கல். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகும்போது ஒரே ஃபோன் மூன்று பிள்ளைகளிடம் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அந்த ஃபோனின் வயது என்ன? 2023 ஆண்டு மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சிறாரின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். நல்ல சட்டம்தான். ஆனால் அது தரவைப் பற்றியது, யார் யாரிடம் பேசலாம் என்பதைப் பற்றியதல்ல. தமிழ்நாட்டின் இணைய விளையாட்டு விதிகளும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத்தான் குறிவைத்தன. இலவச கேமில் இருக்கும் சாட் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ எழுதுவதென்றால், ‘தடை போடுங்கள்’ என்று எழுதாமல் இந்த இடைவெளியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

என் தங்கை மகளுக்கு இப்படி நடந்தது. வழக்கு போட்டால் பெயர் வெளியே வருமே, நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி என்று வீட்டில் அழுகிறார்கள். செலவுக்கும் வழியில்லை.
– பெரியம்மா, ஆரணி

பெயர், படம், முகவரி, பள்ளி, உறவினர் விவரம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. விசாரணை மூடிய அறையில், பெற்றோர் உடனிருக்க நடக்கும். உண்மையில் பெயர் கசிவது நீதிமன்றத்திலிருந்து அல்ல அம்மா, சொந்தக்காரர்களின் ஃபோன் பேச்சிலிருந்து. யாருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து, மூன்று நான்கு பேரோடு நிறுத்திவிடுங்கள்.

செலவைப் பற்றி: காவல்துறை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வருவதற்கு ‘ஆதரவு நபர்’ ஒருவரை அந்தக் குழு நியமிக்கலாம், நீங்களே கேட்டுப் பெறுங்கள். வழக்கறிஞர் இலவசமாக வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஆரணி என்பதால் உங்களுக்குத் திருவண்ணாமலை. வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, மனு போட்டால்தான் நகரும். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் வழக்குக்காகக் காத்திருக்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

மகளுக்குத் தெரியாமல் அவள் ஃபோனில் வேவு பார்க்கும் ஆப் போடலாமா?
– காட்பாடி

வேண்டாம். அந்த ஆப்களில் பல, உங்கள் மகளின் படங்களையும் செய்திகளையும் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்புகின்றன. அவள் கண்டுபிடிக்கிற நாளில் இன்னொரு ஃபோன் வந்துவிடும். அவளுக்குத் தெரிந்தே இன்ஸ்டாகிராமின் பெற்றோர் மேற்பார்வையைப் போடுங்கள். அவள் சரியான வயதைக் கொடுத்திருந்தால் பதின்வயதினர் கணக்காகவே இருக்கும். தானாகவே பிரைவேட்டில் இருக்கும், தொடர்பில் இல்லாதவர் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் என்றால் இந்தப் பூட்டைத் தளர்த்த உங்கள் சம்மதம் கேட்கும். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டாது, யாரோடு பேசினாள் என்பதைக் காட்டும். உங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

உங்கள் ஊர் ஜங்ஷனைப் பற்றி ஒன்று. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ரயில் வந்து போவதால், ‘காட்பாடி ஸ்டேஷனுக்கு வா, ஒரு மணி நேரத்தில் திரும்பிடலாம்’ என்று நேரில் அழைப்பது எளிது. பிள்ளை கிளம்பிவிட்டது தெரிந்தால் தேடிக்கொண்டு ஓடுவதற்கு முன் அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள், ரயில் என்றால் ரயில்வே உதவி எண் 139. பிள்ளையின் படம், போட்டிருந்த உடையின் நிறம், அழைத்த கணக்கின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

என் பேத்தி படத்தை ஒட்டுவேலை செய்து போட்டிருந்தார்கள். ரிப்போர்ட் அடித்தோம். ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று பதில் வந்தது. அவ்வளவுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரக்கோணம்

இல்லை. ‘ரிப்போர்ட்’ பொத்தான் பெரும்பாலும் இயந்திரத்திடம் போகிறது. சட்டப்படியான புகார் குறைதீர் அதிகாரியிடம் போக வேண்டும். அவர் பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்திலும் இருக்க வேண்டும். அதில் படத்தின் லிங்க், பேத்தியின் வயது, ‘ஒட்டுவேலை செய்த ஆபாசப் படம், 2021 விதிகள் 3(2)(பி)-யின் கீழ் நீக்கக் கோருகிறேன்’ என்ற வாசகம், இவ்வளவு போதும். படத்தை இணைக்காதீர்கள். இத்தகைய படத்தை நீக்க 2021 விதிகள் முதலில் கொடுத்த கெடு 24 மணி நேரம். அதற்கு மேல் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அவரும் மறுத்தால், அந்தப் பதில் வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஜி.ஏ.சி. டாட் கவ் டாட் இன் தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். எல்லாமே இணையவழி, நேரில் போக வேண்டியதில்லை. மறுத்து வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அதன் தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு. காவல்துறைப் புகார் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே நாளில் போடலாம்.